நோமாவின் குரல்

மாக்கோட்டி இப்போது என் வண்டிச் சத்தம் கேட்டாலே ஓடிவிடுகிறாள். ஓடவேண்டும் என்றுதான் அவளைச் சுட்டேன். எங்கள் காட்டின் உம்பேலா கேட்டுக்கு வெளியே ஆளுக்கொரு கதை சொல்லித் திரிகிறார்கள்: ஸோட்வாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, வளர்த்த நாயையே சுட்டுவிட்டாள் என்று. முதலில், நான் எதையும் வளர்க்கவில்லை. அவை காட்டுநாய்கள். வட்டக் காது, பெயின்ட் கொட்டினாற்போன்ற உடம்பு, வால் நுனியில் வெள்ளை. நாடு முழுக்கத் தேடினாலும் சில நூறுதான் மிச்சம். எங்கள் காட்டில் பெரியவை பதினொன்று இருந்தன, அந்த ஆகஸ்ட் சனிக்கிழமை விடியும்வரை.

அவற்றைத் தினமும் தேடிப் பார்ப்பதுதான் என் வேலை. எத்தனை இருக்கின்றன, எது நொண்டுகிறது, எதன் கழுத்தில் கம்பிக் கண்ணி இறுகியிருக்கிறது என்று தாளில் எழுதவேண்டும். பன்னிரண்டு வருடமாகச் செய்கிறேன். வெளிநாட்டிலிருந்து தொண்டுக்கு வருகிறவர்கள் என் பிக்கப்பின் பின்னால் உட்கார்ந்து ஆன்டெனாவைப் பிடிப்பார்கள், குளிரில் நடுங்குவார்கள், ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துக் கண்ணீர் விடுவார்கள். பாதிப் பேருக்கு என் பெயர் வாயில் நுழையாது. அந்த மாதம் வந்தவர்களில் எனக்குப் பிடித்தது அன்னெக்கே ஒருத்திதான். ஹாலந்துக்காரி, அறுபத்திரண்டு வயது, முப்பது வருடம் ஆம்புலன்ஸில் நர்ஸாக இருந்தவள். லேசில் அழமாட்டாள். எங்கள் வழக்கப்படி அவளை 'மா' என்று கூப்பிடுவேன்.

அந்தச் சனிக்கிழமை மற்ற மூவரும் முந்தின நாள் மீனைத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேம்பில் கிடந்தார்கள். நானும் அன்னெக்கேயும் மட்டும் கிளம்பினோம். கூட்டத்தில் இரண்டு நாய்களுக்கு ரேடியோ வைத்த கழுத்துப்பட்டை உண்டு. ஒன்று தாய் மாக்கோட்டி. இன்னொன்று அவள் ஜோடி டூமா. பட்டை போட்ட நாய் நடமாடினால் ஆன்டெனாவில் நிதானமாக பீப் பீப் என்று கேட்கும். மூன்று மணி நேரம் அசையாமல் கிடந்தால் இரட்டை வேகத்தில் அடிக்கும்.

"மா அன்னெக்கே, ஆன்டெனாவ நேரா பிடிங்க. கொடியில துணி போடுற மாதிரி பிடிச்சா என்ன கேக்கும்?"

"நேராதான் பிடிச்சிருக்கேன். வேகமா அடிக்குது ஸோட்வா. இவ்வளவு வேகமா அடிக்கலாமா?"

"யாரோட நம்பர்?"

"டூமா."

வண்டியை முள்ளுக்குள்ளேயே விட்டேன். கண்ணாடி ஒன்று மரத்தில் பட்டு உடைந்து விழுந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேற்கு வேலியோரம் டூமா கிடந்தான். மார்பும் கழுத்தும் சல்லடையாகியிருந்தன. வேட்டைத் துப்பாக்கியின் சில்லுக் குண்டு, அதுவும் கிட்டத்திலிருந்து. இரண்டு எட்டுத் தள்ளி இன்னொன்று, அதற்கு முகமே இல்லை. மூன்றாவது வேலியின் மின்கம்பியில் மாட்டி வெந்துபோயிருந்தது, மயிர் கருகிய நாற்றம் அடித்தது. மூன்றுக்கும் வால் இல்லை. யாரோ கம்பிக்கு அடியில், காட்டுப்பன்றி தோண்டிய பள்ளத்தில் நுழைந்து வந்து அறுத்துப் போயிருந்தார்கள்.

நான்காவது உயிரோடிருந்தது. போன வருடம் பிறந்த பெட்டை. இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. முன்னங்காலால் மண்ணைப் பிறாண்டிப் பிறாண்டி முப்பது அடி நகர்ந்திருந்தாள், பின்னால் குடல் தேய்ந்த கோடு. எங்களைப் பார்த்ததும் காதை மடக்கி வாலாட்டப் பார்த்தாள். வாலுமில்லை.

"உன்கிட்ட துப்பாக்கி இருக்கா?" என்றாள் அன்னெக்கே.

"காவல்காரங்ககிட்டதான் இருக்கும். எனக்குக் குடுத்திருக்கிறது நோட்டும் பேனாவும்."

"டாக்டரு?"

"டர்பன்ல இருக்காரு. அஞ்சு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் இது இப்படியே கெடக்கணுமா?"

வண்டியிலிருந்து ஜாக்கித் தடியை எடுத்துவந்தேன். அன்னெக்கே மண்டிபோட்டு அதன் தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதல் அடி சரியாக விழவில்லை. அது கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டாவது அடியில் மண்டை உள்ளே போனது. அன்னெக்கேயின் சட்டைக் கையெல்லாம் ரத்தம். அவள் எழுந்து கையை மணலில் துடைத்துக்கொண்டு, "மாக்கோட்டியப் பாரு, மாக்கோட்டியப் பாரு" என்றாள்.

ஆன்டெனாவை நான் வாங்கித் திருப்பினேன். வடக்கே, குன்றுப் பக்கம், நிதானமாக அடித்தது. உயிரோடிருக்கிறாள். அவளிடம் எட்டுக் குட்டிகள் இருந்தன, பிறந்து ஏழு வாரம். பெரியவை வேட்டையாடித் தின்றுவந்து வாந்தியெடுத்துக் கொடுத்தால்தான் குட்டிகளுக்குச் சாப்பாடு. அவளும் போய்விட்டால் கூட்டம் கலைந்துவிடும், குட்டிகள் வளைக்குள்ளேயே காய்ந்து சாகும். அந்த நிமிடம் எனக்கு ஒரே எண்ணம்தான். இவள் சாகக்கூடாது. மற்றதெல்லாம் எக்கேடும் கெட்டுப் போகட்டும்.

பிறகு தடம் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். வேட்டைக்குப் போகும்போது அவை விசிறி மாதிரி பரந்து ஓடும். இங்கே ஒன்றன்பின் ஒன்றாக, நேர்கோட்டில், பாய்ந்து பாய்ந்து வேலியை நோக்கி வந்திருந்தன. இரை இல்லை, பொறி வைத்த இறைச்சியும் இல்லை. அந்த ஓட்டம் எனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலங்களில் என் வண்டியை நோக்கி அப்படித்தான் ஓடிவரும்.

வேலிக்கு அந்தப் பக்கம் மணலில் ஒரு பெட்டியை இழுத்த தடம் இருந்தது. ஒரு பக்கம் சக்கரம் உருண்ட தடம், மறு பக்கம் சக்கரமில்லாமல் உரசிய கோடு. சர்ச் ஸ்பீக்கர் பெட்டி. என் அப்பாவின் சாவன்று வண்டியிலிருந்து இறக்கும்போது கீழே போட்டதில்தான் அதன் சக்கரம் போனது. போட்டவன் என் தம்பி வூகானி. அன்றிலிருந்து ரிப்பேர் செய்கிறேன் என்று தன் வீட்டிலேயே வைத்திருக்கிறான்.

வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மின்சாரம் ஓடும் கம்பி அது, நல்லவேளை அந்த நாய் விழுந்ததில் அறுந்திருந்தது.

நோமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மாக்கோட்டியும் நோமாவும் ஒரே ஈற்றில் பிறந்த அக்கா தங்கை. வேறொரு காட்டிலிருந்து இரண்டையும் சேர்த்துத்தான் லாரியில் கொண்டுவந்தோம். புது இடத்துக்கு வந்தவள் என்பதால் ஒருத்திக்கு மாக்கோட்டி, அதாவது புதுப்பெண் என்று பெயர் வைத்தோம். வந்த வாரம் நோமாவைத் தனிக் கூண்டில் அடைத்திருந்தபோது அவள் அக்காவைத் தேடிக் கூப்பிட்டாள். ஹூ... ஹூ... என்று, வெறும் பானைக்குள் ஊதினாற்போல மெல்லிய சத்தம், ஆனால் இரண்டு மைல் போகும். அதை நான்தான் பதிவு செய்தேன். ஆறு மாதத்தில் நோமா கண்ணியில் மாட்டிக் கழுத்தறுந்து செத்தாள். குரல் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

அதை வண்டி மேலுள்ள ஸ்பீக்கரில் போட்டால் கூட்டமே வந்துவிடும். யாருக்கும் கண்ணி மாட்டியிருக்கிறதா என்று கிட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் மிருக டாக்டர் கோவெண்டர் அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்: மாதம் ஒரு தடவை, அதற்கு மேல் கூடாது, பழகிவிடும். நான் வாராவாரம் போட்டேன். ஊருக்குத் திரும்புகிற தொண்டர்கள் நாயைப் பார்க்காமலே போனால் முகம் தொங்கிவிடும். பார்த்தால் கைதட்டுவார்கள், என்னைக் கட்டிப்பிடிப்பார்கள், ஸோட்வா மந்திரக்காரி என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ரொம்பவே பிடித்திருந்தது. போதாக்குறைக்கு அதையே என் போனில் ரிங்டோனாக வைத்தேன். ஷேர் டாக்ஸியில் நான் ஏறினால், "நாய்க்காரி வந்துட்டா, காலத் தூக்கி உக்காருங்க" என்று கிண்டல் செய்வார்கள். அதற்கும் சிரித்தேன்.

வூகானியின் வீடு வேலியிலிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனால் கேட்டைச் சுற்றிப் போக ஒரு மணி நேரம் ஆனது. மாட்டுப்பட்டிக் கம்பத்தில் நான்கு வால்கள் தொங்கின. அவன் அதன் கீழே உட்கார்ந்து கிண்ணத்தில் புளித்த பால் குடித்துக்கொண்டிருந்தான்.

"வா அக்கா. பால் குடிக்கிறியா?"

"நாலுடா! நாலு உசுருடா!"

"எண்ணிட்டியா? அதான் உன் வேலை. என் மாட்ட எண்ண எவன் வந்தான்?"

ஜாக்கித் தடி என் கையிலேயே இருந்தது. வண்டியில் வைக்க மறந்திருக்கிறேன் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? தலையைப் பார்த்துத்தான் வீசினேன். அவன் கையைக் குறுக்கே கொடுத்தான். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கிண்ணம் பறந்தது. அவன் எழுந்த வேகத்தில் தலையால் என் வாயில் முட்டினான். முன்பல் இரண்டும் நாக்கின் மேல் வந்து விழுந்தன. நான் அவன் காதைப் பிடித்து இழுத்தேன், அவன் முறியாத கையால் என் தொண்டையைப் பிடித்தான். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்தவர்கள் நாங்கள். சாணிக்குள் புரண்டு ஒருவரையொருவர் கொல்லப் பார்த்தோம்.

அன்னெக்கே ஒரு வாளித் தண்ணீரை எங்கள் மேல் கொட்டினாள். பிறகு தன் மொழியில் என்னென்னவோ திட்டினாள். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் இருவரும் எழுந்து உட்கார்ந்தோம். அவள் இரண்டு மரச் சிராயை எடுத்து அவன் கையை வைத்துக் கட்ட ஆரம்பித்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"பட்டிக்குள்ள போய்ப் பாரு, மகாராணி. பாத்துட்டு வந்து மறுபடி அடி."

போனேன். சினைமாடு ஒன்று கிடந்தது. வயிறு தொடையிலிருந்து விலாவரை கிழிந்து ஈ மொய்த்தது. கிழிசலிலிருந்து கன்றின் குளம்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, மீதிக் கன்று இல்லை.

"வியாழக்கெழமை காலையில" என்றான் வூகானி. "அந்தப் பன்னிப் பள்ளம் வழியா வந்துச்சுங்க. மாடு நின்னுக்கிட்டே இருந்துச்சு அக்கா. நிக்க நிக்கக் குடல உருவுச்சுங்க. அது கத்தவே இல்ல, என்னையே பாத்துச்சு. நான் கல்லு விட்டேன், கட்டை விட்டேன், ஒண்ணு நகரல. உனக்கு நாலு தடவ போன் போட்டேன்."

"டவர் இல்லாத எடத்துல இருந்தேன்."

"சாயங்காலம் கூப்பிட்டியே, என்ன சொன்னே? 'கழுதைப்புலியா இருக்கும்டா, எங்க நாய் மாட்டுக்கு வராது. படிவம் எழுதி வை, திங்கக்கெழம பாக்கலாம்'னே. சிரிச்சே வேற. கண்ணால பாத்தவன் நான். உனக்கு என் கண்ணவிட உன் நாய் பெருசு."

சொன்னது நிஜம். சிரித்ததும் நிஜம். வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினேன்.

"நோமா குரல எங்கேருந்துடா எடுத்தே?"

"எடுத்தேனா? நீ அனுப்பினதுதான். 'என் ரிங்டோன் கேளுடா'ன்னு சிரிக்கிற பொம்மை போட்டு அனுப்பினே, மறந்துட்டியா? பெட்டியில போட்டேன். அஞ்சு நிமிசம் ஆகல, சொந்தக்காரங்க வீட்டுக்கு வர்ற மாதிரி வாலாட்டிக்கிட்டே வந்துச்சுங்க."

"அழிச்சுடு. இப்பவே அழி."

அவன் சிரித்தான், வலியில் பாதிதான் வந்தது. "நான் அழிச்சா ஆச்சா? மாட்டுக்காரங்க குரூப்புல போட்டுட்டேன். நாப்பது பேர் போன்ல இருக்கு. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் ஆத்துப் பக்க வேலிக்குப் போறாங்க. அது தப்பினா அடுத்த வேலி. போலீசுல என்னைப் புடிச்சுக் குடு, வேணாங்கல. நாப்பது பேரையும் புடிப்பியா?"

திரும்பும் வழியில் டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் நல்ல மனிதர், ஆனால் எதையும் நிதானமாகச் செய்கிறவர்.

"செவ்வாக்கெழம வந்து எல்லாத்தையும் மயக்க ஊசி போட்டுக் கூண்டுக்கு மாத்திடலாம். காவல்காரங்க எட்டுப் பேரையும் நாளைக்கு ஆத்துப் பக்கம் நிறுத்துறேன்."

"வேலி அறுபது கிலோமீட்டர் டாக்டர். பெட்டிய அந்தாண்ட இழுத்துட்டுப் போனா?"

"ஸோட்வா, நீயா ஒண்ணும் பண்ணிடாத. கேக்குதா?"

கேட்டது. போனை வைத்துவிட்டேன்.

வண்டியை நிறுத்தினால் குன்றுப் பக்கமிருந்து நிஜமான குரல்கள் கேட்டன. ஹூ... ஹூ... சிதறிப்போனவை டூமாவைத் தேடிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. காலையில் சுட்டதில் பயந்திருக்கும், இனி வராது என்றுதானே நினைப்பீர்கள்? அன்னெக்கேயும் அதைத்தான் கேட்டாள்.

"முன்னாடி வந்ததுங்க செத்துப்போச்சு. பின்னாடி இருந்ததுங்களுக்கு வெடிச் சத்தம்தான் தெரியும், குரலுக்கும் வெடிக்கும் முடிச்சுப் போடத் தெரியாது. ஆள் காணாமப் போயிருக்கிற நேரம், இப்பதான் எந்தக் குரலுக்கும் ஓடிவரும். நாளைக்கு அந்தப் பெட்டியில போட்டா மாக்கோட்டிதான் முதல்ல வருவா. அவ தங்கச்சி குரல் அது."

"அப்ப என்ன செய்யப்போற?"

"குரலக் கேட்டாலே நடுங்க வைக்கணும். அத நான்தான் செய்யணும். பழக்கினவ நான்."

கேம்பின் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பழைய துப்பாக்கி இருக்கும். குப்பைக்கு வரும் கழுதைப்புலிகளை விரட்ட ரப்பர் குண்டு போட்டு வைத்தது. உயிர் போகாது, தோல் கிழியும், எலும்பு விண்டுபோகும். தோட்டாப் பெட்டியோடு எடுத்துக்கொண்டேன். அன்னெக்கே என்னோடு வரவேண்டியதில்லை. வந்தாள்.

"ரொம்ப வலிக்குமா?" என்றாள் வண்டியில்.

"வலிக்கணும், மா. வலிக்கலன்னா வீண்."

வெயில் சாய்ந்து நிழல் நீளும் நேரம். எப்போதும் நிறுத்துகிற அதே மாருலா மரத்தடியில் நிறுத்தினேன். ஸ்பீக்கரைப் போட்டேன். நோமா கூப்பிட்டாள்.

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ஆறு வந்தன, ஒன்று குட்டிகளுக்குக் காவல் இருந்திருக்கும். மாக்கோட்டி முன்னால். காதெல்லாம் நிமிர்ந்து, வால் கொடி மாதிரி தூக்கி, குருவி கத்துகிற மாதிரி கீச்சு கீச்சென்று பேசிக்கொண்டே வந்தன. தூரத்திலேயே சுட்டால் பயன் இல்லை, வலி குரலுக்குப் பக்கத்தில் விழவேண்டும். இருபது அடி வரும்வரை விட்டேன். முதல் குண்டு ஓர் ஆணின் தோளில் பட்டு அவன் குட்டிக்கரணம் போட்டான். இரண்டாவது மாக்கோட்டியின் விலாவில். வீலென்று கத்திக்கொண்டு எல்லாம் சிதறின.

பத்து நிமிடம் விட்டு மறுபடி குரலைப் போட்டேன்.

வந்துவிடாதே, வந்துவிடாதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்று வந்தன. தயங்கித் தயங்கி, வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு. மாக்கோட்டி இப்போதும் முன்னால்தான். சுட்டேன். ஒன்றின் முன்னங்கால் மடங்கியது, அது மூன்று காலில் நொண்டிப் புதருக்குள் போனது. அன்னெக்கே முகத்தை மூடிக்கொண்டாள். முப்பது வருட ஆம்புலன்ஸ்காரி.

மூன்றாவது தடவை மாக்கோட்டி மட்டும் வந்தாள்.

விலாவில் ரத்தம் வடிந்தது. பதினைந்து அடியில் நின்றாள். என்னை அவள் பார்க்கவே இல்லை. ஸ்பீக்கரைத்தான் பார்த்தாள். தலையைச் சாய்த்து, வாயை மண்ணுக்குப் பக்கத்தில் தாழ்த்தி, ஹூ என்று பதில் சொன்னாள். இரண்டு வருடமாகத் தங்கை இங்கேதான் எங்கேயோ இருக்கிறாள் என்று இவளை நம்ப வைத்தது நான். கைதட்டலுக்காக.

"போடீ!" என்று கத்தினேன். "சனியனே, போய்த் தொலை! செத்துட்டாடீ அவ! போ!"

போகவில்லை. இன்னும் ஓர் அடி முன்னால் வைத்தாள். நான் சுட்டேன்.

முகத்தில் பட்டது. அவள் சுருண்டு விழுந்து, காலை உதறி, எழுந்து மரத்தில் மோதி, மறுபடி எழுந்து ஓடினாள். நான் கீழே குதித்துக் கல்லை எடுத்து எறிந்துகொண்டே பின்னால் ஓடினேன். பல் போன வாயால் என்னென்ன கெட்ட வார்த்தை கத்தினேனோ தெரியாது. அவள் கண்ணுக்கு மறைந்த பிறகும் எறிந்தேன்.

திரும்பிவந்து நான்காவது தடவை போட்டேன்.

"போதும் ஸோட்வா, போதும்" என்றாள் அன்னெக்கே.

"போதுமான்னு அவதான் சொல்லணும்."

நோமா கூப்பிட்டாள், கூப்பிட்டாள். புல் அசையவில்லை. ஐந்தாவது தடவையும் போட்டேன். ஒன்றும் வரவில்லை. ஆன்டெனாவில் பீப் மெலிந்து மெலிந்து வடக்கே போனது. அதற்குப் பிறகுதான் ஸ்பீக்கரை அணைத்தேன்.

ஞாயிறு மதியம் ஆற்றுப் பக்க வேலிக்குப் போனேன். டாக்டர் சொன்ன எட்டுப் பேரும் நாலு மைல் கிழக்கே நின்றார்கள், இங்கே ஒருவரும் இல்லை. அந்தப் பக்கம் பூசைக்குப் போட்ட வெள்ளை அங்கியோடு பத்துப் பதினைந்து ஆண்கள், நான்கு துப்பாக்கி, சர்ச் பெட்டி. கட்டிய கையோடு வூகானியும் இருந்தான். என்னைப் பார்த்தும் யாரும் நிறுத்தவில்லை. பெட்டியை முழுச் சத்தத்தில் வைத்தார்கள். நோமாவின் குரல் ஆற்றைத் தாண்டிக் குன்றில் மோதித் திரும்பி வந்தது. நான் ஆன்டெனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். குரல் ஆரம்பித்ததும் மாக்கோட்டியின் பீப் தேய்ந்தது. ஒவ்வொரு தடவை போடும்போதும் இன்னும் தேய்ந்தது. எதிர்ப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணி நேரம் போட்டார்கள். பேட்டரி தீர்ந்ததும் மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள். வூகானி மட்டும் கம்பிக்குப் பக்கத்தில் வந்தான்.

"ஏன் அக்கா வரல? நேத்து வந்துச்சே?"

"இனிமே எந்தப் பெட்டிக்கும் வராது."

"என்ன செஞ்சே?"

சொன்னேன். எத்தனை குண்டு, எங்கெங்கே பட்டது என்பதையும் சொன்னேன். அவன் என் வீங்கிய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் கோவத்துல சுட்டேன்" என்றான். "நீ கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சுட்டிருக்கே."

பெட்டியை ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு போனான். அன்று மாலை நடந்ததை எழுதும் தாளில் இரண்டு பேரையும் எழுதினேன். நான்கு நாய்களைச் சாகடித்தது என் தம்பி. மூன்று நாய்களைச் சுட்டது நான். அவன் மேல் வழக்கு நடக்கிறது, சாட்சி நான்தான். அவன் மாட்டைப் பற்றியும் கோர்ட்டில் சொல்வேன், நான் சிரித்ததையும் சொல்வேன். டாக்டர் என்னை மூன்று மாதம் வண்டியில் ஏற்றவில்லை. அப்புறம் தடம் பார்க்க வேறு ஆள் கிடைக்காமல் திரும்பக் கூப்பிட்டார். இப்போது என் வண்டியில் ஸ்பீக்கர் கிடையாது. பன்றிப் பள்ளங்களை நானே கல் போட்டு அடைக்கிறேன்.

எட்டுக் குட்டிகளில் ஐந்து பிழைத்தன. மரத்தில் கட்டிய கேமராவில் ஒரு படம் விழுந்தது. ஐந்தும் மாக்கோட்டியின் வாயைச் சுற்றி முண்டியடிக்கின்றன, அவள் இறைச்சியைக் கக்கிக் கொடுக்கிறாள். இடக் கண் வெள்ளையாகிவிட்டது. அந்தப் படத்தை நான் யாருக்கும் அனுப்பவில்லை.

தாளில் ஒவ்வொரு நாய்க்கும் நேரே ஒரு கட்டம் உண்டு, நேரில் பார்த்தீர்களா என்று. அன்னெக்கே மாதம் ஒரு தடவை கேட்டு எழுதுவாள்: மாக்கோட்டியைப் பார்த்தாயா? நான் தினமும் அந்தக் கட்டத்தில் எழுதுவதையே அவளுக்கும் எழுதுகிறேன். இல்லை.